கணக்கிலும் வருணாசிரமமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில், மத்திய வாரியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வாசிக்கும் பிள்ளைகளுள்ள வீடுகளில் வருஷந்தோறும் ஒரு விவகாரம் நடந்து வருகின்றது. பிள்ளையைக் கணக்கில் "ஸ்டாண்டர்டு" தாள் எழுத வைப்பதா, அல்லது "பேசிக்" என்னும் இலேசான தாளுக்கு இறக்கிவிடுவதா என்பதே அவ்விவகாரம். இது ஏதோ வீட்டுச் சங்கதியென்றும், பத்திரிகையில் எழுத யோக்கியதை இல்லாத அற்ப விஷயமென்றும் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தத் தீர்மானம் யாரால், எதை ஆதாரமாக வைத்துச் செய்யப்படுகின்றது என்பதைக் கவனிப்போமானால், ஜாதியும் ஜோசியமும் பெண்ணடிமையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் பேரால் கையெழுத்துப் போடுவதைக் காணலாம். ஆதலால் சற்று விரிவாகவே எழுதத் துணிகின்றோம்.

முதலில் ஏற்பாடு இன்னதென்று தெரியாத கிராமத்துத் தோழர்களுக்காகச் சொல்லுகின்றோம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியமானது 2019 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டு, 2020-ஆம் வருஷப் பரீட்சை முதல் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு இரண்டு விதமான கேள்வித்தாள் வைத்தது. புத்தகம் ஒன்றே, வகுப்பு ஒன்றே, வாத்தியாரும் ஒருவரே. பரீட்சையன்று கையில் வரும் தாள் மட்டுமே வேறு. இரண்டும் 80 மார்க்குத் தாள்கள்தாம். வாரியம் வெளியிட்ட பாடத்திட்டக் குறிப்பின்படி, படித்ததை நினைவில் வைத்து, புரிந்துகொண்டு நேராக எழுதக்கூடிய கேள்விகளுக்கு ஸ்டாண்டர்டு தாளில் 43 மார்க்கும், பேசிக் தாளில் 60 மார்க்கும் ஒதுக்கப்பட்டன. மீதி மார்க்குக்குத்தான் மூளையைச் சற்றுத் திருப்பிப் போட்டு யோசிக்கவேண்டும். வித்தியாசம் இவ்வளவே.

ஆனால் இந்த இலேசுக்கு ஒரு விலை வைத்தார்கள். பேசிக் தாள் எழுதித் தேறியவன் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுக்கக்கூடாது என்பதே அந்த விலை. அப்படி எடுக்க வேண்டுமானால் மறுபடியும் துணைப் பரீட்சையில் ஸ்டாண்டர்டு தாள் எழுதித் தேறவேண்டும். அதிலும் ஒரு தயவு உண்டு. ஸ்டாண்டர்டில் தவறியவன் துணைப் பரீட்சையில் பேசிக் எழுதிப் பிழைத்துக்கொள்ளலாம். பிறகு கொரோனா வந்ததும் இந்தத் தடையைத் தளர்த்தினார்கள். கொரோனா போன பின்னும் சில வருஷங்களுக்கு அத்தளர்வை நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஓர் உத்தரவு வந்தால்தான் வழி திறந்திருக்கின்றதா, மூடியிருக்கின்றதா என்று தெரியும் என்கின்ற நிலைமையை நல்ல ஏற்பாடென்று நாம் சொல்லமாட்டோம்.

இரண்டு தாள் வைத்ததை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கென்றால் வயிற்றைக் கலக்கி, அந்த ஒரு பாடத்தாலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போன பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்கள். சட்டமோ, சரித்திரமோ, தமிழோ, சித்திரமோ படிக்க ஆசைப்படுகின்ற ஒரு பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரத்தனம் காட்டாததற்காக ஏன் ஒரு வருஷம் அழவேண்டும்? அப்படிப்பட்ட பிள்ளை தெரிந்து, யோசித்து, தானே முடிவு செய்து பேசிக் தாள் எழுதுமானால் அதில் இழிவு ஒன்றுமில்லை. "என் மகன் பேசிக்" என்று சொல்ல வெட்கப்பட்டு, மகனுக்கு இஷ்டமில்லாத ஸ்டாண்டர்டைத் தலையில் கட்டி, மூன்று டியூஷனுக்கு அனுப்பிப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரிடம் பெருமை பேசுகின்ற தகப்பனாரை நாம் பரிகாசத்துக்குரியவராகவே கருதுகின்றோம். அவர் வீட்டில் பரீட்சை எழுதுவது பிள்ளையல்ல, அவருடைய ஜம்பந்தான்.

நிற்க, நமது சண்டை வேறிடத்தில் இருக்கின்றது. "இந்தப் பிள்ளைக்குப் பேசிக் போதும்" என்று எந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லுகின்றார்கள்? பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பையன் அரைப் பரீட்சையில் முப்பது மார்க்கு வாங்கினால், "பையன் கவனக் குறைவு, சரியாகிவிடும்" என்கின்றார்கள். அதே முப்பது மார்க்கைச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாய் வேலை செய்கின்றவரின் பையன் வாங்கினால், "அவன் மண்டைக்கு ஏறாது, பேசிக்கில் போடுங்கள்" என்கின்றார்கள். மார்க்கு ஒன்று, மண்டை மட்டும் இரண்டா? பெண்ணாயிருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டியதில்லை. "கட்டிக் கொடுக்கப் போகிற பெண்ணுக்குக் கணக்கென்னத்துக்கு?" என்று அத்தையும் பாட்டியும் கூடித் தீர்த்துவிடுவார்கள். கடைக்குப்போய்ச் சில்லறை எண்ணி வாங்கவும், சீட்டுப் பணத்துக்கு வட்டி கணக்குப் பார்க்கவும், ரேஷன் அரிசியை மாதக் கடைசி வரையில் இழுக்கவும் அந்தப் பெண்ணின் கணக்கு வேண்டும். கல்லூரிக்குப் போக மட்டும் வேண்டாமாம்!

கணக்கு என்பது ஒரு ஜாதியாரின் மூளைக்கே உரியது என்கின்ற புளுகை இந்த நாட்டில் வெகு காலமாய்ப் பரப்பியிருக்கின்றார்கள். நம்மவர்களும் அதை நம்பி, "நமக்கெங்கே வரும்" என்று தாங்களே கையைக் கட்டிக்கொள்ளுகின்றார்கள். கட்டடத்துக்குக் கடைக்கால் போடும் கொத்தனார் மூன்றடி, நான்கடி அளந்து குறி வைத்து, குறுக்கே அய்ந்தடி வருகின்றதா என்று பார்த்து மூலை சரியென்று சொல்லுகின்றார். அதற்குப் பள்ளிக்கூடத்தில் பைதாகரஸ் தேற்றம் என்று பெயர். தாத்தா கயிற்றைப் பிடித்துச் செய்ததைப் பேரன் காகிதத்தில் செய்ய மண்டை இல்லை என்றால் அதை யார் நம்புவது?

இராமானுஜத்தைக் காட்டி வாயை அடைக்கப் பார்ப்பார்கள். அவருக்கு நாமகிரி அம்மன் கனவில் வந்து கணக்குச் சொன்னாள் என்பார்கள். அவர் 1903 வாக்கில் கார் என்னும் வெள்ளைக்காரர் தொகுத்த ஆயிரக்கணக்கான சூத்திரங்களடங்கிய ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கி, அதை இராப்பகலாய் உருட்டி, நோட்டு நோட்டாய் எழுதிப் பார்த்தவர் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். மற்றப் பாடங்களில் தவறி எப்.ஏ. பரீட்சையில் அவர் தேறவில்லை. அந்த அம்மன் மற்றப் பாடங்களுக்கு ஏன் வரவில்லையோ, நமக்கு விளங்கவில்லை.

ஜோசியர்களின் வேலை இதைவிட வேடிக்கை. கணக்குக்கு அதிபதி புதனாம். ஜாதகத்தில் புதன் நீசமானால் கணக்கு வராதாம். ஆகவே பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கவேண்டிய தகப்பனார், பிள்ளையின் ஜாதகத்தைத் திறந்து பார்க்கின்றார். புதன் கிரகம் சூரியனைச் சுற்றிவர 88 நாள் ஆகின்றது என்று கண்டுபிடித்ததே கணக்கினால்தான். கணக்கினால் அளக்கப்பட்ட கிரகம் கணக்கைக் கொடுக்கின்றதென்று சொல்லுவது, தராசில் நிறுத்த கத்தரிக்காய் தராசைச் செய்தது என்பதற்குச் சமானமாகும். பரீட்சை நெருங்கினதும் கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவந்திபுரம் மலைமேல் குதிரைமுகச் சாமிக்குமுன் பேனாவை வைத்து வாங்கிவரக் கூட்டம் கூடுகின்றது. போகவர ஆகும் நேரத்தில் பத்து இருபடிச் சமன்பாடு போட்டுப் பார்க்கலாம். குதிரைமுகச் சாமிக்குப் பேசிக் பேனா எது, ஸ்டாண்டர்டு பேனா எது என்று அடையாளம் தெரியுமா என்பதைப் பூசாரிதான் சொல்லவேண்டும்.

இதையெல்லாம் நெய்வேலியில் இருந்துகொண்டு நம்புவதுதான் பெரிய ஆச்சரியம். இந்த ஊர் எதனால் உண்டாயிற்று? 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தமது நிலத்தில் கிணறு வெட்டினபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது என்று சொல்லப்படுகின்றது. பிறகு நிலவியல் படித்தவர்கள் துளை போட்டுப் பார்த்தார்கள். 1956-இல் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப் படலம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த நாலு வருஷமும் நடந்தது என்ன? கரிக்கு மேலே மலைபோல் மண். கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிற்கின்ற நீரூற்று. மண்ணை மட்டும் வாரிவிட்டால், அடியிலுள்ள தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தை முழுக்கிவிடும். ஆகவே எத்தனை குழாய்க் கிணறு போடுவது, எவ்வளவு தூரத்துக்கு ஒன்று போடுவது, எவ்வளவு தண்ணீரை இறைத்தால் அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டு, இரவும் பகலும் ஓயாமல் இறைத்துத்தான் கரியை எடுத்தார்கள். இன்றும் அப்படித்தான் எடுக்கின்றார்கள். எந்த ஜோசியனும் அந்தத் தண்ணீரின் ஜாதகத்தைக் கணித்துச் சொல்லவில்லை. பக்கெட் வீல் எந்திரம் எத்தனை சாய்வில் மண்ணைச் சீவினால் கரை சரியாமல் நிற்கும் என்பதும் கோணக் கணக்கே. ஊர் விளக்கு எரிவதே கணக்கினால் என்றிருக்க, அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்து "என் பிள்ளைக்குக் கணக்கு எழுதி வைக்கவில்லை" என்கின்றார்கள்.

மேலும் ஒரு சங்கதி. இந்தச் சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் சுற்றுவட்டாரக் குடியானவர்களும் கூலிகளும். அவர்கள் பிள்ளைகளுக்குச் சுரங்கத்தில் கிடைப்பது என்ன வேலை என்பது அவ்வூராருக்கே தெரியும். 2022-இல் பொறியாளர் பதவிகளுக்குக் "கேட்" பரீட்சை மார்க்கைக் கொண்டு சுமார் 300 பேரைப் பொறுக்கினபோது, அதில் தமிழ்நாட்டார் மிகச் சொற்பம் என்று பெருங்கிளர்ச்சி எழுந்து, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. நிலம் கொடுத்தவனுக்கு வேலையில் பங்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதற்காகப் போராடவே வேண்டும். ஆனால் அந்தக் கேட் பரீட்சையில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் தாள்களில் 100-க்கு 13 மார்க்கு கணிதத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றது. பொது அறிவுத்திறனுக்கான 15 மார்க்கிலும் கணக்கு வருகின்றது. மீதியிலும் கணக்கில்லாமல் பல கேள்விகளுக்குப் பதில் எழுத முடியாது. தெருவில் வேலைக்காகக் கொடி பிடிக்கும் அதே தகப்பனார், வீட்டில் மகளைக் கேளாமலே கணக்கின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால், அவர் போராட்டத்தில் பாதியைத் தாமே தோற்றவராகின்றார். "டிப்ளமோவுக்கோ, ஐ.டி.ஐ.க்கோ போனால் போகிறது, அதற்குக் கணக்கு வேண்டாமே" என்று சிலர் சமாதானம் சொல்லுகின்றார்கள். பாலிடெக்னிக்கில் முதல் வருஷமே பொறியியல் கணிதம் வந்து நிற்கும். ஐ.டி.ஐ.யிலும் பட்டறைக் கணக்கு என்று ஒரு பாடம் உண்டு.

நமது மாகாணத்துக்கு இது புதிதுமல்ல. பிளஸ் டூ ஏற்பட்ட 1978-க்கு முன்பு, பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் "காம்போசிட்" கணக்கு, "ஜெனரல்" கணக்கு என்று இரண்டு இருந்ததை வயதான தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜெனரல் எடுத்தவனுக்குப் பொறியியல் பக்கம் போக வழியில்லை. எந்தக் கணக்கு எதற்கு வழி என்று சொல்ல வீட்டில் படித்தவர் ஒருவருமில்லாத பிள்ளைகள், "இலேசு" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு ஜெனரலில் போய் உட்கார்ந்தார்கள். 1953-இல் இராஜகோபாலாச்சாரியார் அரைநாள் பள்ளிக்கூடம், மறு அரைநாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததை நாடே எதிர்த்து, 1954-இல் காமராசர் அதை எடுத்தெறிந்தார். சர்க்கார் திட்டமாய் வெளிப்படையாக வந்ததால் அதை எதிர்க்க முடிந்தது. "உன் பிள்ளைக்கு இது போதும்" என்று அன்பாய்ச் சொல்லிக்கொண்டு வருவதை எதிர்க்க யார் கொடி பிடிப்பார்கள்?

பள்ளிக்கூடத்தாரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டியிருக்கின்றது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை எழுதி வாசலில் கட்டவேண்டும் என்பதற்காகச் சுமாரான பிள்ளைகளையெல்லாம் பேசிக்குத் தள்ளுகின்ற பள்ளிக்கூடம் எங்கே இருந்தாலும், அது பிள்ளைகளுக்காகப் பலகை வைத்திருக்கவில்லை, பலகைக்காகப் பிள்ளைகளை வைத்திருக்கின்றது. கணக்கு வாத்தியார்களில் உண்மையாய் உழைக்கின்றவர்கள் அநேகர். அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் "பேசிக் போதும்" என்கின்ற வாத்தியாரிடம், "எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் என் பிள்ளை தடுமாறுகின்றது?" என்று எதிர்க்கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவர் சொல்லுவதை மதியுங்கள்.

அநேகமாய் அந்த இடம் பத்தாம் வகுப்பில் இராது. ஆறாம் வகுப்பில் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் விட்டது, ஏழில் கழித்தல் குறியைக் கண்டு பயந்தது, இவைதாம் பத்தாம் வகுப்பில் அல்ஜிப்ரா வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. இரண்டு மாதம் தினம் ஒருமணி நேரம் பின்னத்துக்கும் குறிக்கும் செலவிட்டால் பாதி பயம் போய்விடும். அதற்குப் பிறகு, வாரியம் வெளியிட்டிருக்கும் மாதிரித் தாள்களில் இரண்டு விதத்திலும் ஒவ்வொன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். திருத்திப் பார்த்தபின் பிள்ளையையே கேளுங்கள்: உனக்கு என்ன படிக்க ஆசை? அதற்குக் கணக்கு வேண்டுமா? வேண்டுமென்று சொல்லி, பயம் மட்டுந்தான் தடையென்றால், ஸ்டாண்டர்டே எழுதட்டும். தவறினால் துணைப் பரீட்சையில் பேசிக் எழுத வழியிருப்பதை முன்னமே சொன்னோம். வணிகக் கல்விக்குப் போகின்ற பிள்ளையானால், பதினோராம் வகுப்பில் பயன்பாட்டுக் கணிதம் என்று தனியாய் ஒன்று 2020 முதல் இருப்பதையும் அதற்குச் சொல்லுங்கள். வேண்டாமென்று மனமார முடிவு செய்தால் பேசிக் எழுதட்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஒருவரும் ஒரு வார்த்தை குத்திப் பேசக்கூடாது.

டவுன்ஷிப்பிலும் மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள நம் இயக்கத் தோழர்களுக்கும் இதில் வேலை இருக்கின்றது. படிப்பகங்களில் பத்திரிகை வாசித்துவிட்டு இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுகின்றோம். வாரத்தில் மூன்று நாள் மாலை அங்கேயே கணக்கு வகுப்பு வைக்கலாம். சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்ற தோழர்களில் கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும், முக்கியமாய்ப் பெண்களையும், வீடுவீடாய்ப் போய் அழைத்து வரவேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வாரியத்துக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால், இந்த வருஷம் பேசிக் எழுதினவர் பதினொன்றில் கணிதம் எடுக்கலாமா, கூடாதா என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாய்க் கேட்டு வாங்கி, அந்தக் காகிதத்தைப் படிப்பகச் சுவரில் ஒட்டி வைக்கக் கோருகின்றோம்.