‘சத்தத்தைக் கூட்டும்மா!’ - பெரிய ஹால், சின்ன பட்ஜெட்... ஸ்பீக்கர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. டி.வி-யில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

“சத்தத்தைக் கூட்டும்மா...”

“ஏற்கெனவே நாப்பதுல இருக்குப்பா!”

“சத்தம் வருது... என்ன பேசறாங்கன்னுதான் புரியல.”

ஓசூரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இந்தப் பேச்சு நடக்கும். சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் நின்று ரிட்டயர்டு ஆன அப்பா. அவர் சேமிப்பு பாதி, பிள்ளைகளின் ஹவுஸிங் லோன் பாதி என்று எழும்பிய வீடு. 24 அடிக்கு 16 அடி ஹால். அதிலேயே டைனிங், அதிலிருந்தே மாடிப்படி. பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், வெள்ளைச் சுவர்.

மகளுக்குத் தீபாவளி போனஸ் வந்திருக்கிறது. 40,000 ரூபாயை ஒதுக்கிவைத்து, ‘அப்பா ஆசையாகப் படம் பார்க்க, பழைய பாட்டு கேட்க நல்லதாக ஒரு ஸ்பீக்கர்’ என்று முடிவு செய்கிறாள். ஓசூர்க்காரர்களுக்கு இந்த மாதிரி சாமான் என்றாலே பெங்களூரு எஸ்.பி. ரோடுதான். அத்திப்பள்ளி தாண்டி சுமார் 40 கிலோமீட்டர். டிராஃபிக்கில் பாதி நாள் போனாலும், கடையில் போட்டுக் காட்டியதும் அசந்துபோகிறார்கள். தபேலா துல்லியமாகக் கேட்கிறது. பாடகர் எதிரே நின்று பாடுவதுபோல இருக்கிறது.

அதே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால்? ‘கொய்ங்ங்’ என்று ஒரே இரைச்சல். அப்பா பழையபடி, “பேச்சு புரியலம்மா” என்கிறார்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? பெரும்பாலும் இல்லை. கடை வேறு, வீடு வேறு. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

கடையில் நன்றாகக் கேட்பது ஏன்?

எஸ்.பி. ரோடு கடைகளை நினைத்துப் பாருங்கள். தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள், ஆட்கள், மூட்டைகள். இவை எல்லாம் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்கள். வாடிக்கையாளர் ஸ்பீக்கரிலிருந்து நான்கைந்து அடி தூரத்தில்தான் நிற்பார். வீட்டிலோ சோபா 13 அடி தள்ளி இருக்கிறது. சுற்றிலும் டைல்ஸும் சிமென்ட்டும். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதி, கூரையில் மோதி, தரையில் மோதித் திரும்புகிறது. முதல் சொல் அடங்குவதற்குள் இரண்டாவது சொல் வந்து அதன்மேல் விழுகிறது.

காலியான கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசினால் ஒன்றும் விளங்காது. முகூர்த்த நேரத்தில் கூட்டம் நிறைந்ததும் அதே மைக் தெளிவாகக் கேட்கும். மைக் மாறவில்லை, மண்டபம் மாறியிருக்கிறது.

இதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபின். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஓர் அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. ஒரு சத்தம் அடங்க ஐந்து விநாடிக்கும் மேல் ஆனது. சரிசெய்யும் வேலை 27 வயது சபினிடம் வந்தது. அவர் பக்கத்திலிருந்த தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரி நேரத்தில் தூக்கிவந்து அந்த அறையில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அந்த ராத்திரி வேலையிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் அரங்கம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அதே சூத்திரத்தில், 10 அடி உயரமுள்ள நம் 24-க்கு 16 ஹாலைச் சாமான் எதுவும் இல்லாமல் போட்டுப் பார்த்தால், சத்தம் அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். வீட்டு ஹாலுக்கு அரை விநாடியை ஒட்டி இருந்தால்தான் பேச்சு சுகமாகக் கேட்கும்.

முதல் செலவு ஸ்பீக்கருக்கு அல்ல!

ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ‘டப்’ என்று முடிந்தால் நல்லது. ‘டப்ப்ரர்ர்’ என்று இழுத்தால், எத்தனை ஆயிரம் போட்டு ஸ்பீக்கர் வாங்கினாலும் திருப்தி வராது. முதலில் ஹாலைக் கவனிக்க வேண்டும்.

பெரிய செலவு தேவையில்லை. ஜன்னல்களுக்குக் கனமான துணியில், நிறைய மடிப்பு வைத்துத் தைத்த திரை. சோபாவுக்கும் டி.வி-க்கும் இடையே தரையில் தடித்த கம்பளம். பவானி ஜமக்காளம் இருந்தால் அதுவும் உதவும். ஆனால், மெல்லிய பருத்தி விரிப்பு கூர்மையான சத்தத்தை மட்டும்தான் ஓரளவு குறைக்கும் என்பதால், இரண்டாக மடித்துப் போடுவது நல்லது. டி.வி-க்கு எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. ரெக்சின் சோபாவைவிடத் துணி சோபா மேல். மாடிப்படித் திறப்புக்கும் ஒரு திரை போடலாம். இல்லையென்றால் கீழே பாடும் பாட்டு மேல்மாடியையும் சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கும்.

இதைச் செய்துவிட்டு, இப்போதிருக்கும் டி.வி சத்தத்தையே மறுபடி கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் பிரச்னையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்கள்

அடுத்தது ஸ்பீக்கர். பெட்டியின்மேல் ‘5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அதைப் படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அது ஒரு கண நேரத்துக்குக்கூட உறுதியில்லாத விளம்பரக் கணக்கு. பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்’ வாட்ஸ். அதிலும் சந்தேகம் வந்தால், பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 60 வாட்ஸ் மின்சாரம் எடுக்கும் பெட்டியால் 1,000 வாட்ஸ் சத்தத்தைத் தொடர்ந்து தர முடியாது.

பெரிய ஹாலுக்கு வாட்ஸைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் அந்த ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்ற கணக்கு அது. கடைக்காரர் சொல்லாவிட்டாலும் கம்பெனியின் விவரக் குறிப்பில் இருக்கும்.

இரண்டே விதிகளை நினைவில் வைத்தால் போதும். தூரம் இரண்டு மடங்கானால், திறந்தவெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். சத்தத்தை 3 டெசிபல் கூட்ட, ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும்.

சோபா 4 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. படத்தில் சண்டைக்காட்சியின் உச்சத்தில் 95 டெசிபல் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 85 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஒரு ஜோடிக்கு, ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சுமார் 80 வாட்ஸ் கொடுக்க வேண்டும். 91 டெசிபல் ஜோடிக்கு 20 வாட்ஸே போதும். வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் கைகொடுப்பதால் இதைவிடச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆனாலும் இந்த நான்கு மடங்கு வித்தியாசம் மாறாது. சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கரை எடுத்தால் ஆம்ப்ளிஃபயரில் காசு மிச்சம்.

சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிவைத்து ஓட்டுவதும் ஆபத்து. சத்தம் உடைந்து, கீச்சென்ற ஒலியைத் தரும் ‘ட்வீட்டர்’தான் முதலில் எரியும்.

40,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

ஸ்பீக்கர் ஜோடிக்கு 22,000, ஆம்ப்ளிஃபயருக்கு 10,000, மிச்சம் 8,000 திரை, கம்பளம், ஸ்டாண்டு, ஒயருக்கு. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆளுயர டவர் ஸ்பீக்கர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால், குறைந்த விலை டவரில் பாதிக் காசு மரப்பெட்டிக்கே போய்விடும். அதே விலைக்கு ஆறரை அங்குல வூஃபர் உள்ள ‘புக்‌ஷெல்ஃப்’ ஜோடி கிடைத்தால், தரம் பெரும்பாலும் ஒரு படி மேலே இருக்கும். நான்கு அங்குல வூஃபர், இவ்வளவு பெரிய ஹாலின் காற்றைத் தள்ளத் திணறும். சப்வூஃபரை அடுத்த வருட போனஸுக்குத் தள்ளிவைக்கலாம்.

பாட்டைவிடப் படமும் செய்தியும்தான் அதிகம் என்றால் சவுண்டுபார் தப்பில்லை. ஆனால், ‘3.1’ என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். அதில் பேச்சுக்கென்றே நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கும். ‘2.1’-ல் அது இருக்காது.

ஆம்ப்ளிஃபயரில் கவனிக்க வேண்டியது, டி.வி-யோடு சேர்க்க ஹெச்.டி.எம்.ஐ ஏ.ஆர்.சி அல்லது ஆப்டிகல் வசதி. ஆப்டிகல் ஒயரை மாட்டியும் சத்தம் வரவில்லை என்று பலர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். டி.வி செட்டிங்ஸில் ஆடியோவை ‘பி.சி.எம்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், ஆம்ப்ளிஃபயரும் 4 ஓம் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 10 மீட்டர் ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

செகண்ட் ஹேண்டு வாங்கலாமா?

வாங்கலாம். பக்கத்திலேயே பெங்களூரு இருப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி. வேலை மாறி ஊரைவிட்டுப் போகிறவர்கள் நல்ல ஸ்பீக்கர்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது உண்டு. வலையைக் கழற்றி, வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். ரப்பர் என்றால் பல வருடம் வரும். ஃபோம் என்றால் பத்து, பதினைந்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். கூம்பை விரல்களால் மெதுவாக, நேராக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

புதிது வாங்கினால் பில் கட்டாயம் வாங்குங்கள். “பில் இல்லாமன்னா ரெண்டாயிரம் கம்மி பண்ணிக்கிறேன் மேடம்” என்ற பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆறு மாதத்தில் ரிப்பேர் ஆனால் வாரன்ட்டிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அதற்காக மறுபடி அந்த டிராஃபிக்கில் போய்வர வேண்டும். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சர்வீஸ் உண்டா, வீட்டில் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸுக்குள் திணிக்காதீர்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, மூலையில் ஒட்டாமல், ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும், சோபாவுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. அவ்வளவு இடமில்லை என்றால் சோபாவை முன்னால் நகர்த்துங்கள். இரண்டடி முன்னால் வருவது காசில்லாமல் கிடைக்கும் வாட்ஸ்!

கடைசியாக, அப்பாவின் காது

எல்லாம் செய்தும் அப்பா, “பேச்சு புரியல” என்றால்?

வருடக்கணக்கில் மெஷின் சத்தத்தில் வேலை செய்தவர்களுக்குக் காது ஒரேயடியாக மந்தமாகிவிடுவதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள கூர்மையான ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, ஸ, ஃப போன்றவை மங்கும். அதனால்தான் ‘சத்தம் வருது, பேச்சு புரியல’ என்பார்கள். அவர்கள் வீம்புக்குச் சொல்வதில்லை. வால்யூமைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கும் ஒலிதான் இன்னும் பெரிதாகும். கேட்காதது கேட்காததாகவே இருக்கும். அப்பாவுக்கு வேண்டியது தெளிவு. பாஸைக் குறைத்து, ட்ரெபிளைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். டி.வி-யில் ‘க்ளியர் வாய்ஸ்’ மாதிரி வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

கூடவே ஒரு நாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழில் சார்ந்த நோய்களின் சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. தேவைப்பட்டால் காதுக் கருவி. எந்த ஸ்பீக்கரும் செய்யாத வேலையை அது செய்யும்.

வீட்டில் மற்றவர்களின் காதும் முக்கியம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அனுமதி என்கிறது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. சட்டம் இருக்கட்டும்... ஓசூரில் பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலிலும் தூங்கிக்கொண்டிருப்பார். பாஸ் சத்தம் சுவரைத் தாண்டிப் போய் முதலில் எழுப்புவது அவரைத்தான்.

திரை தொங்கி, கம்பளம் விரித்து, சோபா இரண்டடி முன்னால் வந்திருக்கிறது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மகள் ரிமோட்டை எடுத்து, “சத்தத்தைக் கூட்டட்டுமாப்பா?” என்கிறாள்.

“வேணாம்மா, கேக்குது. நீயும் உக்காரு.”

அந்தப் பதிலைக் கேட்பதற்குத்தானே போனஸ் பணம்!