பெயரை மாற்றினால் ஓசை மாறாது

நீண்ட பதிவு. கிட்டார் வாசிப்போரும் அவர்களுக்கு வால்வு விற்போரும் இறுதிவரை படித்துவிட்டுப் பின்னர் சினம் கொள்க.

சென்ற மாதம், எங்கள் பகுதித் தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவன் ஒரு சிறு அட்டைப்பெட்டியை என் கையில் வைத்தான். உள்ளே விரல் நீளமுள்ள கண்ணாடிக் குப்பி: ஆம்ப்ளிஃபையரின் முன்பெருக்கியில் செருகும் வால்வு. ‘பழைய இருப்பு, இங்கிலாந்துச் சரக்கு, வெதுவெதுப்பான ஒலி’ என்று புகழ்ந்து, மெயின்லேண்டிலிருந்து ஒரு விற்பனையாளர் அனுப்பியது. மூன்று மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். பொட்டலம் கடல் கடந்து வந்து சேர மூன்று வாரம். “மாட்டிப் பார்த்துட்டேன் அண்ணா. ஒண்ணும் மாறல. என் காதுதான் சரியில்லையோ?” என்றான்.

அந்தக் கடைசி வினாவே இப்பதிவை எழுதச் செய்தது. பணம் போனதை மன்னிக்கலாம். பாடும் பிள்ளை ஒருவனைத் தன் செவியையே ஐயுறச் செய்த வணிகத்தை மன்னிக்க இயலவில்லை.

அவனுடைய குறை எளியது. சிறிய செபக்கூடம், ஒலித்திருகை இரண்டுக்கு மேல் திருப்பினாலே ஒலி கரகரக்கிறது. அவனுக்கு வேண்டியது தெளிந்த ஒலி. அதாவது, ஆம்ப்பின் முதற்கட்டப் பெருக்கம், நாம் கெயின் என்பது, குறைய வேண்டும். அவனிடம் ஏற்கெனவே இருந்தது 12ஏஎக்ஸ்7. அவனுக்கு விற்கப்பட்டது ஈசிசி83. இவ்விரண்டும் ஒன்றே. முன்னது அமெரிக்கப் பெயர், பின்னது ஐரோப்பியப் பெயர். நன்னூல் பயின்றோர் இதனை ஒருபொருள் குறித்த பலசொல் என்பர். அவன் மூன்று மாத உழைப்பைக் கொடுத்து வாங்கியது, தன்னிடம் இருந்த பொருளின் மற்றொரு பெயரை.

வால்வு செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் கம்பி அதிரும்போது எழும் மின்குறிப்பு மிக நுண்ணியது. அது வால்வின் கிரிட்டை அடைகிறது. சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்க்கு ஓடும் எலெக்ட்ரான்களை அந்தக் கிரிட் மதகுபோல் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. சிறு அசைவு பெரும் அசைவாகிறது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இடையில் புகுத்திய இந்த மூன்றாம் முனையமே ஒலிபெருக்கத்தின் தொடக்கம். ஒரு வால்வால் எவ்வளவு பெருக்க இயலும் என்பதற்கு ‘மியூ’ என்றோர் எண் உண்டு. 12ஏஎக்ஸ்7க்கு அது 100, 5751க்கு 70, 12ஏடி7க்கு 60, 12ஏஒய்7க்கு ஏறத்தாழ 44, 12ஏயூ7க்கு 17 முதல் 20 வரை. ஐந்துக்கும் அதே ஒன்பது ஊசிகள், அதே குழி, அதே இணைப்பு வரிசை. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைச் செருகலாம்.

மியூ முழுவதும் சுற்றில் கிடைத்துவிடாது. 100 கிலோ ஓம் சுமை கொண்ட வழக்கமான முதற்கட்டத்தில் 12ஏஎக்ஸ்7 தருவது ஏறத்தாழ 60 மடங்கு. அதே இடத்தில் 12ஏஒய்7 தருவது அதில் ஏறத்தாழப் பாதி. முன்பெருக்கியின் கட்டங்கள் ஒன்றையொன்று பெருக்கும் தன்மையன. ஆகவே முதற்கட்டத்தில் பாதியானது பின்வரும் கட்டங்கள் யாவற்றிலும் பாதியாகவே செல்கிறது. அலையின் தலை வெட்டுப்படும் எல்லை தள்ளிப் போகிறது. திருகைக் கூட்ட இடம் கிடைக்கிறது. கரகரப்பு என்று நாம் சொல்வது, அலை தன் உயரத்துக்கு இடமின்றித் தலை தட்டுப்படும் ஓசையே.

இது ஏட்டுக் கணக்கு அன்று; ராக் இசையின் வரலாறே இதில் அடங்கியிருக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் 5எஃப்6-ஏ பாஸ்மேன் ஆம்ப்பில் முதல் வால்வு 12ஏஒய்7. 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பர்களும் அந்தச் சுற்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றி ஜேடிஎம்45 என்பதைச் செய்தபோது, முதல் குழியில் ஈசிசி83ஐ இட்டனர். மார்ஷல் முந்திக் கரகரத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு குழியின் பங்கு பெரிது. இரண்டு நிறுவனங்களின் குரல் வேறுபாட்டில் ஒரு பகுதி ஒரு வால்வின் எண்ணில் இருக்கிறது. எண்ணில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரில் அன்று.

பெயரைப் பற்றிச் சொல்வதானால், ரஷ்யாவின் சராத்தொவ் நகரத்து ஆலை ஒன்றிலிருந்தே டங்-சோல், முல்லார்ட், சொவ்டெக், ஜெனலெக்ஸ் கோல்டு லயன், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் எனப் பல பெயர்களில் இன்றைய வால்வுகள் வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது இத்தனை பெயர்களும் ஒருசேரத் தட்டுப்படும் என்ற அச்சம் எழுந்தது. தனித்தனி மரபுகள் என்று நம்பியவை ஒரே வாயிலில் நின்றன. அவற்றுள் வடிவமைப்பு வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெயருக்கு ‘இங்கிலாந்தின் ஆன்மா’ என்றும் மற்றொன்றுக்கு ‘அமெரிக்கத் துள்ளல்’ என்றும் உரை எழுதுவோர், அந்த ஆலையின் முகவரியையும் சேர்த்து எழுதுவது நேர்மை.

நான் மொழியியல் பயின்றவன். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு இடுகுறியாவது எனக்கு வியப்பன்று. நான் வாழும் நகரின் பெயர் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்பதிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. துறைமுகத்தின் ஆழம் மாறவில்லை, சென்னைக் கப்பலும் முன்போல் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. ‘வெதுவெதுப்பு’, ‘வெண்ணெய்த்தன்மை’, ‘காற்றோட்டம்’ எனும் வால்வு மொழியில் என் மனக்குறை அவை உருவகங்கள் என்பதன்று. தமிழிசையும் குரலைக் கம்மல் என்றும் கணீர் என்றும் சொல்கிறது. ஆனால் ‘கணீர்’ என்றால் இருவர் ஒரே குரலைச் சுட்டுவர். ‘காற்றோட்டம்’ என்று விற்பவரிடம் மூன்று வால்வுகளைப் பெயரழித்துக் கொடுத்தால் எதைச் சுட்டுவார்?

நாங்கள் அந்தச் சோதனையைச் செய்தோம். ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஒரு மாலைப்பொழுது. தம்பி சுவரைப் பார்த்து அமர்ந்து வாசித்தான். ஆம்ப்பை அணைத்து, குப்பி ஆறும்வரை காத்திருந்து, ஒவ்வொரு முறையும் நான் மாற்றினேன் அல்லது மாற்றியதாகப் பாசாங்கு செய்தேன். உரக்க ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாகச் செவி மயங்குமாதலின், இயன்றவரை ஒலியளவைச் சமன் செய்தேன். விலையுயர்ந்த குப்பியையும் ஆம்ப்புடன் வந்த குப்பியையும் அவனால் பிரித்தறிய இயலவில்லை, என்னாலும் இயலவில்லை. நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற 12ஏஒய்7ஐ ஒவ்வொரு முறையும் முதல் இழுப்பிலேயே கண்டுகொண்டான். அவன் செவியில் ஒரு குறையும் இல்லை.

மறுப்புகள் வரும், முன்கூட்டியே இரண்டுக்கு விடை சொல்கிறேன்.

‘பழைய வால்வை மாட்டியதும் ஒலி தெளிந்ததை நானே கேட்டேன்’ என்பது முதல் மறுப்பு. கேட்டிருப்பீர்கள். முதலில், குப்பிக்குக் குப்பி இரைச்சலும், தட்டினால் கணகணக்கும் தன்மையும் வேறுபடும். முதல் குழிக்கு அமைதியான குப்பியைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமையே. அடுத்து, நாம் உப்புக்காற்றில் வாழ்கிறோம். வால்வின் ஊசிகளிலும் குழியிலும் மெல்லிய களிம்பு படிகிறது. எந்தக் குப்பியையும் பிடுங்கிச் செருகினால் அது உராய்ந்து நீங்கும். புதுக் குப்பிக்கு நீங்கள் அளித்த புகழ் பெரும்பாலும் அந்த உராய்வுக்கு உரியது. முதலில் பழைய குப்பியையே நான்கு முறை எடுத்துச் செருகிப் பாருங்கள், செலவு ஒன்றுமில்லை.

‘இந்தத் தொல்லை எதற்கு? திருகைக் குறை, இல்லையேல் சுற்றில் மின்தடையை மாற்று’ என்பது மின்னணுவியல் கற்றோரின் மறுப்பு. பெரும்பாலான ஆம்ப்களில் ஒலித்திருகு முதற்கட்டத்துக்குப் பின்னரே வருகிறது. அதைக் குறைத்தால் முதற்கட்டம் குறையாது. கிட்டாரிலுள்ள திருகைக் குறைத்தால் உச்ச ஒலிகள் மங்குகின்றன. மின்தடையை மாற்ற வேண்டுமெனில் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே 300 வோல்ட்டும் அதற்கு மேலும் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து ஆளைக் கொல்லும். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வழியைக் காட்ட மாட்டேன். வால்வை மாற்றுவது மீளக்கூடிய செயல். பிடிக்காவிட்டால் பழையதைச் செருகலாம்.

எண்ணும் கண்மூடி நம்பத்தக்கதன்று. 12ஏடி7 வானொலி அலைவரிசைக்கென வடிவமைக்கப்பட்டது. கூடுதல் மின்னோட்டம் வேண்டுவது. 12ஏஎக்ஸ்7க்காக அமைந்த சுற்றில் அது கணக்குப்படி நடவாது. சிலருக்கு வறண்டு ஒலிக்கும். ஈசிசி88 உருவில் ஒத்திருந்தாலும் அதன் சூடேற்றி இணைப்பு வேறு. அந்தக் குழியில் அதைச் செருகவே கூடாது. ஆகவே எண்ணைப் படியுங்கள், அதன் தரவுத்தாளையும் படியுங்கள். பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகள் நம் வானொலிகளில் எரிந்த காலத்தில் தெருமுனை ரேடியோ மெக்கானிக்குகள் இதை அறிந்திருந்தனர். குப்பி போனால் எண்ணைத்தான் கேட்டனர். அந்த அறிவைத் தமிழில் எழுதி வைக்காமல் விட்டோம். அந்த வெற்றிடத்தில் விளம்பர மொழி குடியேறிவிட்டது.

சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலுக்கு இப்பால் இருக்கும் எங்களுக்கு ஒவ்வொரு தவறான வாங்கலும் இரட்டைச் செலவு. திருப்பி அனுப்புவது கனவு. ஆதலின் தீவின் இளம் இசைஞர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ‘எந்த நிறுவனம் நல்லது?’ என்று கேட்பதற்கு முன், ‘எனக்குப் பெருக்கம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா?’ என்று கேளுங்கள். விடை எண்ணாக வரும்.

இப்போது அந்தச் செபக்கூடத்தில் திருகு நான்கைத் தாண்டியும் ஒலி தெளிவாக நிற்கிறது. இங்கிலாந்துக் குப்பி பெட்டிக்குள் உறங்குகிறது. மாற்றுக் கருத்துடையோர் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தச் சோதனையைச் செய்த பின் இங்கு வந்து எழுதுக. நான் தோற்றால் அதையும் இதே இடத்தில் பதிவிடுவேன்.