டாக்டர் பட்டமும் தோட்டத்துப் பிள்ளையும்

நம்மவருள் ஒருவர் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டார் என்று செய்தி வந்தால், அன்று மாலைக்குப் பஞ்சமில்லை. சிரம்பானில் மண்டபம் பிடிக்கப்படும், பொன்னாடைகள் குவியும், சங்கத் தலைவர் முதல் கோயில் தலைவர் வரை வரிசையாய் நின்று புகழ்மாரி பொழிவர். நல்லது, மகிழ வேண்டிய செய்திக்கு மகிழ்வது குற்றமாகாது. ஆனால் அதே பட்டத்திற்கெனச் சர்வகலாசாலையில் பெயர் பதிந்து, நான்காண்டு ஐந்தாண்டு உழன்று, ஆய்வேட்டை முடிக்க மாட்டாமல் பாதியில் மூடி வைத்துவிட்டு, அதைப் பற்றி யாரேனும் கேட்டால் தலை குனியும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எந்த மேடையிலாவது ஒரு சொல் பேசப்பட்டதுண்டா? கரையேறியவனுக்கு மாலையிடுவது எளிது. நடு ஆற்றில் தத்தளிப்பவனுக்குக் கை நீட்டுவதன்றோ சமூகத்தின் கடமை!

இந்த மௌனத்திற்குக் காரணம் என்ன? இரண்டு பொய்கள். "பால்மரம் வெட்டினவன் பிள்ளைக்கு ஆராய்ச்சி எதற்கு? ஒரு வேலை கிடைத்தால் போதாதா?" என்பது ஒன்று. "அதெல்லாம் கலைமகள் கடாட்சம், கொடுத்து வைத்தவனுக்கே கிட்டும்" என்பது மற்றொன்று. முன்னது இழிவு பேசுகிறது; பின்னது பக்தி பேசுகிறது. இரண்டும் சொல்லுவது ஒன்றே: ஆய்வேடு எழுதுவது மனித முயற்சிக்கு உட்பட்ட வேலையன்று, பிறவியால் வாய்ப்பது என்பதுதான். பிறவியின் பெயரால் நம்மை மிதித்த மடமைகளையெல்லாம் ஒழிப்போம் என்று மேடையேறி முழங்குகிறவர்கள், இந்த மடமையை மட்டும் பல்கலைக் கழக வாசலில் காவலுக்கு நிறுத்தி வைத்திருப்பது ஏன் என்று கேட்கிறோம்.

பட்டம் பெற்றோரின் வரலாற்றைப் பாருங்கள். டாக்டர் மு. வரதராசனார் யார்? திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராயிருந்தவர். தாமே தமிழ் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதலாவதாகத் தேறி, ஆசிரியத் தொழில் செய்துகொண்டே ஆராய்ந்து, சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றிய ஆய்வேட்டிற்காகச் சென்னைச் சர்வகலாசாலையில் 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியது பாதிரியாராகி வடக்கன்குளத்திற்கு வந்த பின்னரே. 1945இல் அண்ணாமலைச் சர்வகலாசாலைக்குள் மாணவராய் நுழைந்தபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. கோலாலம்பூரில் 1933இல் பிறந்த க. கைலாசபதி, கொழும்பில் 'தினகரன்' ஆசிரியராயிருந்து பத்திரிகை வேலையில் அடிபட்டவர். பின்னர் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆராய்ந்தார். பழந்தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு நூலாயிற்று. ஓர் எழுத்தர், ஒரு பாதிரியார், ஒரு பத்திரிகைக்காரர்! இவர்களுக்குக் கடாட்சம் எந்த வாசல் வழியாக வந்தது? உழைப்பின் வாசல் வழியாகத்தான் என்பதை யார் மறுக்க முடியும்?

உழைப்பு என்ற சொல்லைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. லாபுவிலும் ரந்தாவிலும் லிங்கியிலும் பகாவிலும் கித்தாக் காடுகள் நம்மவர் கையால் வாழ்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, இருட்டு கலையுமுன் நிரையில் இறங்கி, நானூறு ஐந்நூறு மரம் வெட்டியவள் நம் தாய். அவள் ஒரு மரத்தில் ஒரு நாளில் சீவியது எவ்வளவு? நகக்கனம் பட்டை, அதற்கு மேலில்லை. இன்று நிறையப் பால் வேண்டுமென்று ஆழ வெட்டினால் மரம் புண்படும். புதுப்பட்டை சரியாய் வளராது. நாளைய பாலும் கெடும். வெட்டாமல் விட்டாலோ மங்கு வெறுமையாய்க் கிடக்கும். அளவாய், நாள் தவறாமல், விடியற்காலையில் வெட்டுவதே அத்தொழிலின் இரகசியம்.

ஆய்வேட்டின் இரகசியமும் இதுவே. நாளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறவன் ஓராண்டில் முந்நூறு பக்கம் எழுதிவிடுகிறான். அதில் பாதியைக் கிழித்தெறிந்தாலும் மறு ஆண்டில் ஏடு உருப்பெறும். நம் பிள்ளைகள் செய்வதென்ன? ஆறு மாதம் ஒரு வரியும் எழுதுவதில்லை. "இன்னும் படிக்க வேண்டும், இன்னும் படிக்க வேண்டும்" என்று நூல்களைச் சுமக்கிறார்கள். கெடு நெருங்கியதும் மூன்று இரவு விழித்து மரத்தைக் கட்டை தெரிய வெட்டுகிறார்கள். பிறகு நோய், வெறுப்பு, மேற்பார்வை ஆசிரியரைக் கண்டால் ஒளிதல். இதைத் தலைவிதி என்பது மூடத்தனம். முறை தவறிய வேலை என்பதே உண்மை.

ஏடு முடியாமற் போவதற்கு மற்றொரு காரணம் பேராசை. "மலேசியத் தமிழர் வாழ்வும் பண்பாடும்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு ஒருவன் புறப்படுகிறான். அது பத்துப் பேர் பத்தாண்டு செய்ய வேண்டிய பணி. ஆய்வேடு என்பது ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை, அவ்விடைக்குச் சான்று, அவ்வளவே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் குடியிருந்த தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்றது. கிராணியும் கங்காணியுமே வாத்தியாராய் நின்ற கொட்டகைகள் அவ்வாறு எழுந்தன. அவற்றுள் ஒரே பள்ளியை எடுத்துக்கொண்டு, அங்கே யார் படித்தார், எந்த வயதில் நின்றார், ஏன் நின்றார் என்று ஆராய்ந்தால் அதுவே ஓர் ஏடு. ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கணக்கு ஓர் ஏடு. லயத்துப் பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் ஓர் ஏடு. கிணற்றை ஆழமாய்த் தோண்டுங்கள். குளத்தை அகலமாய் வெட்டப் போய்க் காலமெல்லாம் மண் சுமக்காதீர்கள்.

குறையில்லாத ஏட்டைத்தான் கொடுப்பேன் என்று காத்திருப்பதும் ஒருவகை அகந்தையே. தனிநாயக அடிகள் அண்ணாமலையில் பழந்தமிழ்க் கவிதையில் இயற்கையைப் பற்றி எழுதிய முதுகலை ஆய்வு பின்னர் நூலாக வந்தது. 1966இல் வேறு பெயரோடு மீண்டும் வெளிவந்தது. இதற்கிடையே 1957இல் இலண்டனில் டாக்டர் பட்டத்திற்கு வேறோர் ஆராய்ச்சியையும் முடித்தார். முதல் ஏட்டையே தம் கடைசிச் சொல்லாக அவர் எண்ணியிருந்தால், எஞ்சிய பணிகள் எங்கேயிருந்து வந்திருக்கும்? முடித்த ஏடு மறு ஏட்டிற்குப் படி. முடிக்காத ஏடு பெட்டிக்குள் கிடக்கும் காகிதம்.

இனி, குருபக்தி என்னும் நோயைச் சொல்ல வேண்டும். மேற்பார்வை ஆசிரியர் காலைத் தொட்டு வணங்குகிறான். அவர் சிவப்பு மையால் திருத்திய பக்கத்தைத் திறந்து பார்க்க அஞ்சுகிறான். வணங்கத்தக்கது கால் அன்று, படிக்கத்தக்கது திருத்தம். அரைகுறைப் பக்கத்தையும் துணிந்து காட்டுகிறவனே முன்னேறுவான். ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்லுவோம்: மாணவன் தந்த அத்தியாயத்தை ஆறு மாதம் மேசையில் உறங்க விடுவது புலமையாகாது. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது ஆறு மாத வாடகை, ஆறு மாதக் கடன். அதையுணராத பெருமிதம் பழைய துரைத்தனத்திற்குத் தம்பியே.

ஏட்டைச் சமர்ப்பிக்க நல்ல நாள் பார்த்து இரண்டு மாதம் தள்ளுகிறவர்களும், வாய்மொழித் தேர்வுக்குத் தேங்காய் நேர்ந்துகொள்கிறவர்களும் உண்டு. பரீட்சகர் ஏட்டைப் பார்ப்பாரா, பஞ்சாங்கத்தைப் பார்ப்பாரா? இவர்களினும் கேடானவர் ஏட்டைப் பிறர் கையால் எழுதி வாங்குகிறவர். முன்பு கூலிக்கு எழுதுவோர் இருந்தனர். இன்று கேட்டவுடன் பக்கம் பக்கமாகக் கொட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. அயலான் நிரையில் பாலெடுத்துத் தன் வாளியில் ஊற்றிக்கொள்பவனுக்குத் தோட்டத்தில் என்ன பெயர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரே இவர்களுக்கும் பொருந்தும்.

பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் கொடிது. "ஏடு பிறகு எழுதலாம், வந்த வரன் போய்விடும்" என்று பேனாவைப் பிடுங்குகிறார்கள். திருமணமான பின் அடுப்பும் பிள்ளையும் அவள் பொறுப்பு. ஆராய்ச்சி அவள் ஆசை! விடியற்காலை காட்டிற்குப் போகத் தோட்டப் பெண்ணைத் தடுக்காத ஆண்மை, அதே விடியற்காலையில் அவள் மகள் இரண்டு மணி நேரம் எழுத உட்கார்ந்தால் மட்டும் ஏன் புண்படுகிறது? கூலி கொண்டுவரும் உழைப்புக்கு மட்டுமே பெண்ணுக்கு உரிமையுண்டு என்பதுதானே இதன் பொருள்?

"இவ்வளவு பாடுபட்டு எழுதுவதால் சமூகத்திற்கு என்ன லாபம்?" என்று கேட்போருக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்டுவோம். 1950களின் நடுவில், மலாயா சர்வகலாசாலையில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கே முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்திற்கா என்ற வழக்கு எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி! தோட்டத் தொழிலாளி தன் நாட்கூலியிலிருந்து அந்த வெள்ளியைக் கொடுத்தான். எழுத்தறியாத கைகளும் சர்வகலாசாலைத் தமிழ் நூலகத்திற்காகக் கொடுத்தன. 1956இல் துறை தோன்றிற்று. 1961இல் தனிநாயக அடிகள் அதன் தலைமையேற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. அந்த நூலகத்தில் அமர்ந்து ஏட்டைத் தொடங்கிப் பாதியில் விடுகிறவன், தன் பாட்டன் கொடுத்த வெள்ளியைப் பாதியில் விடுகிறான். இது கடன், விருப்பமன்று.

அக்கடனைத் தீர்க்கும் காலமும் குறுகி வருகிறது. தோட்டத் தமிழரைப் பற்றி ரவீந்திர ஜெயின் என்னும் மானிடவியலறிஞர் எழுதிய நூல் 1970இல் வந்தது; ஆண்ட்ரூ வில்ஃபோர்டு எழுதியது 2014இல் வந்தது. இருவரும் வெளியிலிருந்து வந்து, நம் வாசலில் நின்று, நம்மைக் கேட்டு எழுதினர். அவர்களுக்கு நன்றி. ஆனால் நம் வீட்டுக் கதையை அயலார் ஆங்கிலத்தில் எழுதிய பின்தான் நாம் படிக்க வேண்டுமா? சிரம்பானைச் சுற்றியும் நீலாய்ப் பக்கத்திலும் கித்தா நின்ற நிலங்களில் இன்று வீடமைப்புகளும் கல்லூரிகளும் நிற்கின்றன. எஞ்சிய காடுகளில் பெரும்பகுதி செம்பனையாயிற்று. லயங்கள் இடிந்தன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் மீண்டு வந்து கதை சொன்னவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மறைந்துவிட்டனர். அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளும் இன்று முதியோராயினர். முடிக்கப்படாத ஒவ்வோர் ஏட்டோடும், கேட்கப்படாத ஒரு தலைமுறையின் வாக்குமூலம் மண்ணுக்குள் போகிறது.

ஆகவே சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் சொல்லுகிறோம். பொன்னாடைச் செலவை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில், ஏட்டின் கடைசி ஆண்டில் பணமின்றித் தவிக்கும் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு வாடகை கொடுங்கள். மண்டபத்தின் பின்னறை ஒன்றைத் திறந்து, ஒரு மேசையும் ஒரு விளக்கும் வையுங்கள். மாதம் ஒரு முறை ஆராய்ச்சி மாணவர்களைக் கூட்டி, எழுதிய பக்கங்களை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் கேட்டுப் பிழை திருத்தட்டும். 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய சமூகம் இது. ஒரு மேசையும் விளக்கும் அதற்கு அரிதா?

மாணவத் தோழர்களே! பட்டத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்வதற்காக எழுதாதீர்கள். எழுதி முடித்த பின், அதன் சாரத்தை நல்ல தமிழில் சிறு நூலாக்கி, எந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதினீர்களோ அத்தோட்டத்து மக்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களே உங்கள் கடைசிப் பரீட்சகர்கள். நாளைக் காலை, உங்கள் தாய் நிரையில் இறங்கிய அந்த நேரத்தில் எழுந்து, ஒரு பக்கம் எழுதுங்கள். மறுநாள் மறுபக்கம். மங்கு நிறையும்.