வீட்டு ரவுட்டரும் இரண்டு சுரங்கங்களும்



பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரமும்கூட. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டு ரவுட்டரில் வி.பி.என். போட்டுவிட்டு, "இனிமே நம்ம வீடு சேஃப்" என்று குடும்ப குரூப்பில் அறிவிக்கிறவர்கள் அவசியம் படிக்கவும்.

ரவுட்டரில் வி.பி.என். என்பது ஒரு வேலை அல்ல, இரண்டு. கிளையண்ட் என்பது வீட்டிலிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் பூட்டுப் போட்டு, சந்தா வாங்கும் ஒரு கம்பெனியின் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து உலகத்துக்குள் விடுவது. சர்வர் என்பது வெளியே இருக்கும் நீங்கள் உங்கள் போனிலிருந்து வீட்டுக்குள் பத்திரமாக நுழைவதற்கான வாசல். ஒன்று வெளியே போகும் சுரங்கம், மற்றது உள்ளே வரும் சுரங்கம். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறீர்கள்.

என் கட்சி இதுதான். நம்மைப் போன்ற பெரும்பாலான வீடுகளுக்குத் தேவை இரண்டாவது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முதலாவது.

யூடியூப் விளம்பரக்காரர் சொல்கிறார், வி.பி.என். இல்லாவிட்டால் பேங்க் பாஸ்வேர்டு பறிபோய்விடும் என்று. பேங்க் தளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஏற்கெனவே ஹெச்.டி.டி.பி.எஸ். என்ற பூட்டு இருக்கிறது. பெரியவர்களிடம் பணம் பறிப்பவன் அந்தப் பூட்டை உடைப்பதில்லை. போன் செய்து "சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். அதை எந்த வி.பி.என். தடுக்கும்?

அது செய்வதெல்லாம் நம்பிக்கையை இடம் மாற்றுவதுதான். இதுவரை இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரிந்த விவரம் இனி வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும். அவன் யோக்கியனா? ஹோலா என்ற இலவச வி.பி.என்., தன்னைப் பயன்படுத்தியவர்களின் இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றது 2015-இல் வெளியே வந்தது. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்பு என்ற பெயரில் மக்கள் என்னென்ன ஆப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அதை எடுக்க வேண்டி வந்தது.

இதில் வீட்டுப் பெரியவர்கள் படும் பாட்டைச் சொல்கிறேன். ரவுட்டர் முழுவதையும் நெதர்லாந்து சர்வருக்குத் திருப்பிவிட்டால், உலகத்தின் கண்ணுக்கு உங்கள் அம்மா நெதர்லாந்தில் இருக்கிறார். பேங்க் தளம் சந்தேகப்பட்டு உள்ளே விட மறுக்கலாம். சீரியல் பார்க்கும் ஆப் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று சொல்லலாம். ஏன் என்று அவருக்குத் தெரியாது, உங்களைக் கேட்கவும் தயங்குவார். "பிள்ளைக்கு ஆபீஸ் நேரம்" என்று பேசாமல் இருந்துவிடுவார்.

ஆனால் நிஜமான ஆபத்து ஒன்று பல வீடுகளில் திறந்து கிடக்கிறது. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள சிசிடிவி மாட்டுகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டுமே என்று, மாட்ட வந்தவர் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுப் போகிறார். பாஸ்வேர்டு கம்பெனி வைத்ததே. 2016-இல் மிராய் என்ற வைரஸ், 60-க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட ஆயத்தப் பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு உலகமெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்தப் படையை ஏவித்தான் அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல இடங்களில் முடங்கின. உங்கள் அம்மா நடமாடும் கூடத்தைப் பார்க்கிற கேமரா அது. யார் யார் பார்க்கலாம்?

இதற்கு மருந்து சர்வர். அந்தப் போர்ட்டை மூடிவிட்டு, ரவுட்டரில் வயர்கார்டு சர்வர் ஒன்றை வையுங்கள். 2020-இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட மென்பொருள் அது. சாவி இல்லாதவன் கதவைத் தட்டினால் பதிலே சொல்லாது, ஆள் இருப்பதே தெரியாது. சாவி உள்ள உங்கள் போன் உள்ளே போய் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் கேமராவைப் பார்க்கும். மாதச் சந்தா கிடையாது.

"சார், எனக்கு ரெண்டும் வேணும்" என்பவர்களுக்கு இப்போது பாடம். இரண்டையும் ஒரே ரவுட்டரில் போட்டதும் சர்வர் செத்துவிட்டது என்று புலம்புகிறீர்கள். சாகவில்லை. உங்கள் போன் அனுப்பிய கடிதம் வீட்டு முகவரிக்குச் சரியாக வந்து சேருகிறது. ஆனால் கிளையண்ட் ஓடுவதால், "வெளியே போவதெல்லாம் சுரங்கம் வழியாக" என்பது ரவுட்டருக்கு இட்ட கட்டளை. பதிலும் அந்த வழியே போய், நெதர்லாந்து முத்திரையோடு வெளியே வருகிறது. தஞ்சாவூருக்குக் கடிதம் போட்டவனுக்கு நெதர்லாந்திலிருந்து பதில் வந்தால் வாங்குவானா? நடுவிலேயே தடுத்துவிடுவார்கள்.

தீர்வு, யார் எந்த வழியில் போக வேண்டும் என்று தனித்தனியாக எழுதி வைப்பது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் இதற்கு பி.பி.ஆர். என்ற தொகுப்பு இருக்கிறது. அசுஸ்-மெர்லினில் விபிஎன் டைரக்டர். சர்வரின் பதில் வந்த வாசல் வழியே திரும்பட்டும். சுரங்கத்தில் உங்கள் லேப்டாப் மட்டும் போகட்டும். அம்மாவின் போனும் டிவியும் நேர்வழியில் போகட்டும்.

செய்வதற்கு முன் மூன்று சோதனை. ஒன்று, ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. இன்டர்நெட் கம்பெனியிடம் தனி முகவரி கேளுங்கள், அல்லது ஐ.பி.வி.6 வழியைப் பாருங்கள், இல்லாவிட்டால் டெய்ல்ஸ்கேல் போன்றதை வையுங்கள். இரண்டு, வீட்டிலும் நீங்கள் தங்கும் இடத்திலும் 192.168.1 என்றே இருந்தால் முட்டிக்கொள்ளும். வீட்டு எண்ணை மாற்றுங்கள். மூன்று, வீட்டு வைஃபையில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

கிளையண்ட் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுங்கட்சிக்குப் பயந்து எழுதும் பத்திரிகைக்காரருக்கு வேண்டும், தணிக்கை உள்ள நாட்டில் இருப்பவருக்கு வேண்டும். அவர்களும் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டிலேயே 2022 ஏப்ரலில் சி.இ.ஆர்.டி.-இன் போட்ட உத்தரவுப்படி, வி.பி.என். விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது சாக்லேட்டோடு ஒரு மணி நேரமும் கொண்டு வாருங்கள். திறந்த போர்ட்டை மூடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், சர்வரை வையுங்கள். என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி ரவுட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அம்மாவுக்கும் ஒரு தடவை சொல்லிக்காட்டுங்கள். அது அவர் வீடு. அதன் வாசல் எங்கே திறக்கிறது என்று தெரிந்துகொள்ள முதல் உரிமை அவருக்குத்தான்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம். காரணத்தோடு எழுதினால்தான் மதிப்பெண்.