பணம் கட்டுமுன் ஒரு கடிதம்

அல் ஐன் சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் பாலிடெக்னிக் முடித்த நம் தம்பி ஒருவர் இருப்பார். ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் விசாவில் ‘டெக்னீஷியன்’. அது ‘எஞ்சினியர்’ ஆக வேண்டுமென்றால் சான்றொப்பம் பெற்ற பட்டம் வேண்டும். இத்தனைக்கும் அமீரகத்தின் முதல் பல்கலைக்கழகம் 1976இல் தொடங்கப்பட்டது இதே ஊரில்தான்.

நம் தமிழ்நாட்டில் என்றால் வழி நேரானது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்றே வருடத்தில் பட்டம் வாங்கலாம். அதற்கான கலந்தாய்வைப் பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. ஆனால் தங்கை கல்யாணக் கடனைச் சுமந்துகொண்டு வந்தவர் மூன்று வருடச் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படிப் போவார்?

இந்தத் தவிப்பில்தான் ‘வேலையை விடாமலே பி.இ.’ என்று அஞ்சல்வழிப் படிப்பைக் காட்டி ஏஜென்ட்டுகள் வலை விரிக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பே சொல்லிவிட்டது: உரிய அனுமதி இல்லாமல் அஞ்சல்வழியில் நடத்திய பொறியியல் படிப்பு செல்லாது. அப்படி நடத்திய 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மறுதேர்வு எழுதித்தான் மீட்க வேண்டியிருந்தது. பிள்ளை குட்டி என்று ஆன வயதில் மறுபடியும் தேர்வு! அந்த வேதனையைக் கேட்ட பிறகும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

அமீரகத்திலேயே படிக்கலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன. முன்பு படித்த பாடங்களைக் கழித்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் பாதிப் படிப்பையாவது சேரும் இடத்திலேயே முடிக்க வேண்டும். ‘சி’ கிரேடுக்குக் கீழே வாங்கிய பாடம் கணக்கில் வராது. நம் பையன்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவரிடம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இருக்காது. டிப்ளமோவை அதற்கு ஈடாக ஏற்பார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு தம்பியின் ஃபைலில் மதிப்பெண் பட்டியல் அத்தனையும் லேமினேட் செய்து பத்திரமாக இருந்தது. பாடத்திட்டம் மட்டும் ஒரு பக்கம்கூட இல்லை. ‘அப்ளைடு மெக்கானிக்ஸ் 78’ என்ற ஒற்றை வரியைப் பார்த்து எந்தப் பல்கலைக்கழகமும் பாடத்தைக் கழிக்காது. அதில் என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம் நடத்தினார்கள் என்று கல்லூரி முத்திரையோடு காட்ட வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது படித்த பாலிடெக்னிக்குக்கு ஒரு நடை போய், அந்தப் பாடத்திட்டத்தைக் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வாருங்கள் தம்பிகளே. இங்கே சேரும்போது எந்தெந்தப் பாடத்தைக் கழிப்பார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வராமல் ஒரு திர்ஹம்கூடக் கட்டாதீர்கள்.