அம்மாவின் கூலி எண்பது சென்

போன வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: “தீபாவளிப் பலகாரம் வீட்டிலேயே செய்றீங்களா, ஆர்டர் கொடுக்குறீங்களா?” அழைப்புகள் குவிந்தன. அதில் ஒரு நேயர், “முந்திரி நெய் பிஸ்கட் ஒரு போத்தல் 25 வெள்ளி சொல்றாங்க. பகல் கொள்ளையா இல்ல?” என்றார். மைக் முன்னால் இருந்த நானும் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, அநியாயம்தான்!” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பினேன். மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததுமே நெய் வாசம். அம்மா மேசையில் பிஸ்கட் உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வானொலி. தலை நிமிராமல் கேட்டார்: “ஏம்மா, நான் 20 வெள்ளிக்குக் கொடுக்குறேனே, அதுவும் அதிகமா?”

எனக்குப் பதில் வரவில்லை.

அம்மா வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் நெய் பிஸ்கட் செய்து விற்பவர். நான் ஊடகத்துறை படித்த காலத்தில் என் பஸ் காசு, புத்தகக் காசெல்லாம் அந்தச் சிவப்பு மூடி போத்தல்களிலிருந்துதான் வந்தது. விலையை ஏற்றி ஏழு வருஷமாகிறது. “பழகினவங்ககிட்ட எப்படிம்மா ஏத்துறது?” என்பார்.

அன்று சாயங்காலம் தராசு, கால்குலேட்டர் சகிதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு எல்லாமே பால் டின் அளவுதான். ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினேன். ஒரு போத்தலுக்கு: கோதுமை மாவு 300 கிராம், நெய் 200 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், வறுத்துப் பொடித்த முந்திரி 100 கிராம், ஏலக்காய்த்தூள் அரை தேக்கரண்டி, ஜாதிக்காய்த்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

சீனி ஒரு பங்கு, நெய் இரண்டு, மாவு மூன்று. வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ‘ஷார்ட்பிரெட்’டுக்கும் இதே கணக்குதான். அவர்களுக்கு வெண்ணெய், நமக்கு நெய். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். நெய்யில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் நம் பிஸ்கட் வாயில் போட்டதும் கரைகிறது.

ஜாதிக்காய் எங்கள் ஊர்ச் சரக்கு. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் காலூன்றிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நோய் விழுந்து தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஆனாலும் பாலிக் பூலாவ் பக்கம் இன்றும் மரங்கள் காய்க்கின்றன. அம்மா கொட்டையாக வாங்கி, அவ்வப்போது துருவித்தான் போடுவார். கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கசக்கும், உடம்புக்கும் ஆகாது.

செய்முறை: உறைந்த நெய்யைச் சீனியோடு வெள்ளையாகும்வரை அடித்துக்கொள்ளுங்கள். உருக்கிய நெய் கூடாது, பிஸ்கட் தட்டையாகப் பரவிவிடும். சலித்த மாவு, முந்திரி, வாசனைத் தூள், உப்பு சேர்த்து விரல் நுனியால் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் கடினமாகிவிடும். சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி, 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிஷம். அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறம் வந்தால் போதும். சூட்டோடு தொட்டால் உதிர்ந்துவிடும். முழுக்க ஆறிய பிறகே போத்தலில் அடுக்குங்கள். முட்டை இல்லாததால் சைவ விருந்தினருக்கும் கொடுக்கலாம். முந்திரி இருப்பதை மட்டும் மூடியில் எழுதி ஒட்டுங்கள். கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்போது செலவுக் கணக்கு. நெய் 10 வெள்ளி, முந்திரி 5 வெள்ளி, மாவு 1 வெள்ளி, சீனி 70 சென், ஏலக்காய், ஜாதிக்காய் 60 சென், போத்தல் 1 வெள்ளி 20 சென், மின்சாரம் 70 சென். மொத்தம் 19 வெள்ளி 20 சென். அம்மா விற்பது 20 வெள்ளி.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஒரு போத்தலுக்கு அம்மாவின் கூலி எண்பது சென்.

நாலு போத்தல் செய்ய நாலு மணி நேரம் ஆகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு எண்பது சென். 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்கு 8 வெள்ளி 72 சென். அந்தக் கூலியைச் சேர்த்தால் ஒரு போத்தல் 27 வெள்ளி 92 சென். முட்டி வலியோடு நின்று வேலை செய்யும் என் அம்மாவுக்கு இது பேராசையா?

மறுநாள் காலை நிகழ்ச்சியில் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். “நேத்து அநியாயம்னு சொன்னது தப்புங்க. கணக்குத் தெரியாம பேசிட்டேன்” என்று சொல்லி, இந்தக் கணக்கை அப்படியே வாசித்தேன்.

அம்மாவிடம் இனி 28 வெள்ளி என்றேன். ரொம்ப யோசித்தார். அப்புறம் புலனத்தில் பழைய வாடிக்கையாளர்களுக்கு நானே தகவல் அனுப்பினேன். இரண்டு பேர் இந்த வருஷம் வேண்டாம் என்றார்கள். அம்மாவின் முகம் வாடியது. ஒரு ஆன்ட்டி, “இத்தனை வருஷம் ஏன் சொல்லல?” என்று கேட்டு வழக்கம்போல் நாலு போத்தல் எடுத்துக்கொண்டார்.

வசதி இல்லாதவர்கள் வேலை மெனக்கெட்டு வீட்டிலேயே செய்யலாம். அதற்குத்தான் அளவை மேலே எழுதியிருக்கிறேன். பேரங்காடியில் விலைச் சீட்டைப் பார்த்துப் பேசாமல் காசு கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் “கொஞ்சம் கொறைச்சுக்குங்க” என்கிறோம். இந்தத் தீபாவளிக்கு அதை மட்டும் நிறுத்திப் பார்க்கலாமே. பலகாரம் செய்து விற்கும் அக்காமார்களே, நீங்களும் ஒரு தடவை உங்கள் கூலியைக் கணக்குப் போடுங்கள்.

அம்மா இப்போதும் 50 எண்ணிப் போட்டுவிட்டு, மேலே இரண்டு கூடுதலாக வைத்துத்தான் போத்தலை மூடுகிறார். “அதுக்கும் கணக்கா?” என்று முறைத்தார். அதை நான் எழுதவில்லை.

அடுத்த வாரம் சந்திப்போம்.