பழைய பாட்டில் தோண்ட வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை

மண்ணைத் தோண்டிப் பழைய கண்ணாடி பாட்டில் எடுக்கிறது இப்போ ஒரு பொழுதுபோக்காம். இங்கிலாந்துக்காரனும் அமெரிக்காக்காரனும் போடுற வீடியோவைப் பார்த்துட்டு நம்ம பிள்ளைகளும் ஆசைப்பட ஆரம்பிச்சாச்சு. "அண்ணே, கிருஷ்ணன்கோவில் பக்கம் பாழடைஞ்ச வீடு, பழைய குப்பைமேடு, கம்மாக்கரை ஏதாவது இருக்கா? சனி ஞாயிறு வந்து தோண்டிக்கிறோம்"னு என்கிட்டயே கேட்கிறாங்க. என் பதில் ஒண்ணுதான்: வராதீங்க. கோபத்துல சொல்லலை, காரணத்தோட சொல்றேன்.

முதல் காரணம், நீங்க தேடுறது இங்கே கிடைக்காது. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே இங்கிலாந்துல ஆலைகள் பாட்டிலை ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளுச்சு. மருந்து, மை, சாராயம், சோடா எல்லாமே பாட்டில்ல வந்துச்சு. தீர்ந்ததும் குப்பைக் குழியில போட்டாங்க, கக்கூஸ் குழியிலகூடப் போட்டாங்க. அதனால இன்னைக்கு அவங்க தோண்டுனா பாட்டில் வருது.

நம்ம ஊர்ல பாட்டிலைத் தூக்கிப் போட்டவன் யாரு? என் சின்ன வயசுல வீட்டுல நாலு பாட்டில் இருந்தா அது சொத்து. சீமெண்ணெய் வாங்க ஒண்ணு, கழுத்துல சணல் கயிறு கட்டியிருக்கும். நல்லெண்ணெய்க்கு ஒண்ணு, விளக்கெண்ணெய்க்கு ஒண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போனா கம்பவுண்டர் முதல்ல கேக்கிறது "பாட்டில் கொண்டு வந்தியா?"ன்னுதான். சின்ன மருந்து பாட்டில்னா மூடியில ஓட்டை போட்டு, திரி சொருகி விளக்காக்கிடுவாங்க. ஓட்டை பாட்டில் வாங்க வர்ற பேரீச்சம்பழக்காரர்கிட்டப் போட்டா பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது வரும். உடைஞ்ச சில்லுகூட வீணாப் போகலை. வசதியானவங்க மதில் சுவர் உச்சியில திருடனுக்காகப் பதிச்சு வச்சாங்க.

கோலி சோடாவையே எடுத்துக்கோங்க. அந்த பாட்டில் ஹிராம் காட்ங்கிற இங்கிலாந்து இன்ஜினியர் 1870களில் கண்டுபிடிச்சது. உள்ளே இருக்கிற கேஸ் அழுத்தத்துல கோலி மேலே வந்து ரப்பர் வளையத்தை அடைச்சுக்கும். நம்ம பக்கம் வேலூர்ல கண்ணுசாமி முதலியார் 1924-ல் கோலி சோடா தொழில் ஆரம்பிச்சார். அங்கே அந்த பாட்டில் தோண்டி எடுக்கிற பொருளாப் போச்சு. இங்கே கடைக்காரர் அதை நம்மகூட நாலு எட்டு நடக்க விட மாட்டார். அங்கேயே நின்னு குடிச்சுட்டுக் காலி பாட்டிலைக் கையில குடுத்துட்டுப் போகணும். பொருளுக்கு மதிப்பு இருந்துச்சு, அதனால மண்ணுக்குள்ள போகலை. அவ்வளவுதான் கணக்கு.

அப்போ இங்கே தோண்டுனா என்ன வரும்? அதுதான் இரண்டாவது காரணம். பானை ஓடு வரும், பாசிமணி வரும், சங்கு வளையல் துண்டு வரும், காசு வரும். நம்ம விருதுநகர் மாவட்டத்துல வெம்பக்கோட்டையில, வைப்பாத்தங்கரையில, 2022-ல் இருந்து மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு பண்ணியிருக்காங்க. கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் குவியலா வந்திருக்கு. அங்கே குழியை அளந்து வெட்டுவாங்க. எந்த ஆழத்துல, எந்த மண்ணடுக்குல, எது பக்கத்துல எது கிடந்துச்சுன்னு எழுதி, படம் எடுத்து, அப்புறம்தான் வெளியே எடுப்பாங்க. அந்த எழுத்துதான் சரித்திரம். மம்பட்டியால கொத்தி எடுத்து, கழுவி, அலமாரியில வச்ச மணி வெறும் மணிதான். அது யாருது, எந்தக் காலத்துதுன்னு யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கு. மண்ணுக்குள்ள மறைஞ்சு கிடந்து கிடைக்கிற பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தா கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும்னு 1878-ம் வருஷப் புதையல் சட்டம் சொல்லுது. 100 வருஷப் பழமையான கைவினைப் பொருளை லைசென்ஸ் இல்லாம வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டம் சொல்லுது. லண்டன்ல தேம்ஸ் ஆத்தங்கரையைக் கிளறுறதுக்கே அனுமதிச் சீட்டு வாங்கணும். இங்கே மட்டும் கேட்க ஆளில்லைன்னு நினைப்பா?

கம்மாக்கரையைத் தோண்டுறேன்னு சொல்றவங்களுக்குத் தனியா ஒண்ணு. கரையில எலி வளை தெரிஞ்சாலே நாங்க மண்ணைப் போட்டு மிதிச்சு அடைக்கிறோம். ஐப்பசி கார்த்திகையில தண்ணி முட்டி நிக்கும்போது, நீங்க சித்திரையில தோண்டுன குழி வழியாத்தான் கசிவு ஆரம்பிக்கும். கரை உடைஞ்சா அந்த வருஷ நெல்லு போச்சு. நீங்க அப்போ சென்னையில இருப்பீங்க.

"நாங்க குப்பையைத்தானே எடுக்கிறோம், உங்க ஊருக்கு நல்லதுதானே"ன்னு ஒரு தம்பி கேட்டார். சரி தம்பி, குப்பை பாட்டில்தான் வேணும்னா தோண்டவே வேண்டாம், மேலேயே கிடக்கு. மோட்டார் ரூம் பக்கத்துல, வாய்க்கால் மேட்டுல, தென்னந்தோப்பு ஓரத்துல எங்கே பார்த்தாலும் குவார்ட்டர் பாட்டில். குடிச்சவன் சும்மா வச்சுட்டுப் போறதில்லை, கல்லுல அடிச்சு உடைச்சுட்டுப் போறான். அது வாய்க்கால் வழியா வயலுக்குள்ள வருது. டிராக்டர் இரும்புச் சக்கரம் அதைச் சேத்தோட சேர்த்து மிதிச்சுச் சில்லு சில்லா ஆக்குது. நடவுக்கு இறங்குற பொம்பளைங்க வெறுங்காலோட இறங்குறாங்க. சேத்துக்குள்ள சில்லு கண்ணுக்குத் தெரியாது. கால் கிழிஞ்சா அன்னைக்குக் கூலி போச்சு, ஊசி போட பஸ் செலவு, புண் ஆறுற வரைக்கும் சேத்துல இறங்க முடியாது. இதை எந்த வீடியோவுலயும் காட்ட மாட்டாங்க.

கண்ணாடி மக்காது. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டுல எடுத்த கண்ணாடி மணிகள் சுமார் 2000 வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தும் இன்னும் மணியாத்தான் இருக்கு. அப்படின்னா இன்னைக்கு என் வயலுக்குள்ள போற சில்லு எத்தனை தலைமுறைக் காலைக் கிழிக்கும்?

இதுக்கு வழி இல்லாம இல்லை. காட்டுல உடைஞ்சு கிடக்கிற பாட்டில் யானைக் காலைக் கிழிக்குதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதுக்கு அப்புறம், 2022 மே மாசம் நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா அந்தக் காசைத் திருப்பித் தர ஆரம்பிச்சாங்க. அப்புறம் வேற மாவட்டங்களுக்கும் கொண்டு போனாங்க. இது ஒண்ணும் புதுசு இல்லை. அந்தக் காலத்துச் சோடாக் கடைக்காரர் பண்ணதுதான். பாட்டிலுக்குக் காசு இருந்தா அது கடைக்குத் திரும்பும், காசு இல்லைன்னா எங்க வயலுக்கு வரும்.

அதனால பட்டணத்து நண்பர்களே, பழைய பாட்டில்மேல உண்மையிலேயே ஆசை இருந்தா கிராமத்து வீட்டுப் பரண்ல கேட்டுப் பாருங்க. பெரியவங்க கதையோட எடுத்துக் குடுப்பாங்க. ஏமாத்தாம நியாயமான விலையைக் குடுத்து வாங்குங்க. மண்ணுல பழைய பொருள் ஏதாவது கண்ணுல பட்டா கை வைக்காம வி.ஏ.ஓ.வுக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க. மலை பார்க்க, அருவி பார்க்க வர்றப்ப கொண்டு வர்ற பாட்டிலைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. 10 ரூபாய்த் திட்டம் ஒரு கடை விடாம ஒழுங்கா நடக்கணும்னு உங்க குரல்ல கேளுங்க. நாங்க கேட்டா காதுல விழ மாட்டேங்குது, நீங்க கேட்டா விழும்.

மம்பட்டி மட்டும் வேண்டாம். அது எங்க கையில இருக்கட்டும்.